உடற்பருமன் சத்திரசிகிச்சையும் உயர் குருதியமுக்கமும்: கேகாலைத் தோட்டங்களுக்கு எட்ட வேண்டிய பாடம்

உயர் குருதியமுக்கம் முன்னறிவித்தல் தந்து வரும் நோயன்று. காய்ச்சலோ நோவோ இன்றிப் பல ஆண்டுகள் உடலுக்குள் தங்கியிருந்துவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ அது வெளிப்படுகின்றது. குடும்பத்தில் உழைக்கும் ஒருவர் படுக்கையில் வீழ்ந்த பின்னரே "இவருக்குப் பிரஷர் இருந்திருக்கிறது" என்று வீட்டார் அறிந்துகொள்ளும் நிலை எமது நாட்டில் இன்னும் மாறவில்லை. 2015 ஆம் ஆண்டில் மேற்கொள்ளப்பட்ட தேசிய ஆய்வின்படி இலங்கையின் வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு உயர் குருதியமுக்கம் காணப்பட்டது. 2021 ஆம் ஆண்டின் ஆய்வில் அது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு உயர்ந்துள்ளது. ஆறே ஆண்டுகளில் ஏற்பட்ட இம்மாற்றம் சாதாரணமாகக் கருதப்படக் கூடியதன்று.

இத்தகைய சூழலில், உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சை உயர் குருதியமுக்கத்தையும் குணப்படுத்தி விடுகின்றது என்ற பேச்சு அண்மைக்காலமாக அதிகம் அடிபடுகின்றது. சத்திரசிகிச்சைக்கு முன்னரும் பின்னரும் எடுக்கப்பட்ட புகைப்படங்களுடன் கூடிய விளம்பரங்கள் கையடக்கத் தொலைபேசிகளில் வந்து குவிகின்றன. மாத்திரைகளை மூட்டை கட்டி வைத்துவிடலாம் என்ற ஆசையை அவை தூண்டுகின்றன. இப்பேச்சில் எவ்வளவு உண்மை உள்ளது, அது யாருக்குப் பொருந்தும், யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் தெஹியோவிற்றவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும் இறப்பர் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் வாழும் மக்களுக்கும், மாவனல்லை, ஹெம்மாத்தகமை போன்ற ஊர்களில் வாழும் மக்களுக்கும் இதனால் ஆகப் போவது என்ன என்பதை நிதானமாக நோக்குவது பயனுடையதாகும்.

முதலில் சத்திரசிகிச்சை என்னவென்று பார்ப்போம். இன்று பெருமளவில் செய்யப்படுபவை இரண்டு வகைகளாகும். ஒன்று, இரைப்பையின் பெரும்பகுதியை, அதாவது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு மேல், வெட்டி அகற்றிவிட்டு அதனை ஒடுங்கிய குழாய் போல ஆக்கிவிடுவது. மற்றையது, இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் நேரடியாக இணைத்துவிடுவது. இரண்டிலும் உண்ணும் அளவு குறைகின்றது. பசியைத் தூண்டும் ஓமோன்களும் மாற்றமடைகின்றன. வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கமெராவின் உதவியுடன் இவை செய்யப்படுவதால் நோயாளர் சில நாட்களிலேயே வீடு திரும்பக் கூடியதாக உள்ளது.

இச்சத்திரசிகிச்சை குருதியமுக்கத்தைக் குறைக்கின்றது என்பது வெறும் விளம்பர வார்த்தையன்று. பிரேசில் நாட்டில் உயர் குருதியமுக்கமும் உடற்பருமனும் உள்ள 100 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அவர்கள் அனைவரும் குருதியமுக்கத்துக்குக் குறைந்தது இரண்டு வகை மருந்துகளை உட்கொண்டு வந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு மருந்துடன் சத்திரசிகிச்சையும், மற்றப் பிரிவினருக்கு மருந்து மட்டுமே கொண்ட சிகிச்சையும் அளிக்கப்பட்டன. 2018 இல் வெளியான ஓராண்டு முடிவுகளின்படி, குருதியமுக்கத்தைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டே மருந்துகளில் 30 வீதத்தையோ அதற்கு மேலோ குறைக்க முடிந்தவர்கள் சத்திரசிகிச்சைப் பிரிவில் 83.7 வீதம், மருந்து மட்டும் பெற்றோரில் 12.8 வீதம். சத்திரசிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் மருந்தே இன்றி இயல்பான குருதியமுக்கத்துடன் இருந்தனர். மற்றப் பிரிவில் அவ்வாறு ஒருவரும் இருக்கவில்லை. இதே ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2024 இல் வெளிவந்தன. அப்போதும் சத்திரசிகிச்சைப் பிரிவில் அரைவாசிக்குச் சற்றுக் குறைவானோர் மருந்தின்றி இருந்தனர்.

இதன் காரணமும் ஓரளவு தெளிவாக விளக்கப்பட்டுள்ளது. வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பு சிறுநீரகங்களைச் சூழ்ந்து அழுத்துகின்றது. அழுத்தப்பட்ட சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தேக்கி வைக்கின்றது. குருதிக் குழாய்களைச் சுருக்கும் சுரப்புகள் கூடுகின்றன. நரம்பு மண்டலமும் ஓய்வின்றித் தூண்டப்படுகின்றது. உடல் பருத்தவர்களுக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு ஏற்படுவதும், அதனால் இரவிலும் குருதியமுக்கம் தணியாமல் இருப்பதும் உண்டு. எடை குறையும்போது இந்தச் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. சிலரில் எடை பெரிதாகக் குறைவதற்கு முன்னரே, சத்திரசிகிச்சை முடிந்த முதல் வாரங்களிலேயே குருதியமுக்கம் இறங்குவதும் அவதானிக்கப்பட்டுள்ளது.

ஆயினும், நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. சுவீடன் நாட்டில் 1987 இல் ஆரம்பிக்கப்பட்ட நீண்டகால ஆய்வு இவ்விடயத்தில் மிகவும் பெறுமதி வாய்ந்ததாகும். அதில் சத்திரசிகிச்சை பெற்று இரண்டு ஆண்டுகள் கழிந்தபோது உயர் குருதியமுக்கத்திலிருந்து விடுபட்டிருந்தோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். பத்து ஆண்டுகள் கழிந்தபோது அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. எடை சிறிது சிறிதாகத் திரும்பக் கூடுவதும், வயது ஏறுவதும், குருதிக் குழாய்கள் கடினமடைவதும் இதற்குக் காரணங்களாகும். எனினும், சத்திரசிகிச்சை பெற்றோரில் மரண வீதம் ஏனையோரை விடக் குறைவாக இருந்தமை அதே ஆய்வின் 2007 ஆம் ஆண்டு முடிவுகளில் உறுதிப்படுத்தப்பட்டது. ஆகவே இதனைப் பயனற்றது என்று தள்ளிவிடவும் முடியாது. ஒரு முறை கத்தி பட்டால் "பிரஷர்" நிரந்தரமாகப் போய்விடும் என்று நம்பிவிடவும் கூடாது. சத்திரசிகிச்சைக்குப் பின் மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர்களும் ஆயுள் முழுவதும் குருதியமுக்கத்தை அளந்து வரவேண்டும்.

அபாயங்களையும் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அமெரிக்காவில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சத்திரசிகிச்சை நடந்து 30 நாட்களுக்குள் இறந்தோர் ஆயிரத்துக்கு மூவர் என்ற அளவிலேயே இருந்தனர். இது பெரிய எண்ணன்று. ஆனால் அனுபவம் மிக்க வைத்தியர்களும், அவசர சிகிச்சைப் பிரிவும், நோயாளரை விடாது பின்தொடரும் ஏற்பாடும் உள்ள நிலையங்களில் கிடைத்த எண் அது என்பதை மறந்துவிடலாகாது. 2024 ஏப்ரல் மாதத்தில் சென்னை, பம்மலில் உள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றில் இச்சத்திரசிகிச்சைக்காகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்ததும், தமிழக சுகாதாரத்துறை விசாரணை நடத்தி அவ்வைத்தியசாலையின் செயற்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தியதும் பத்திரிகைகளில் பெரிதாக வெளிவந்தன. எமது நாட்டிலிருந்து சிகிச்சைக்காக இந்தியா செல்வோர் பலர் உள்ள நிலையில், குறைந்த கட்டணத்தைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அச்சம்பவம் ஓர் எச்சரிக்கையாகும்.

அதுமட்டுமன்று. சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் வாழ்நாள் முழுவதும் இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் பி12 முதலியவற்றை மாத்திரையாகவோ ஊசியாகவோ பெற வேண்டியிருக்கும். குறித்த காலத்துக்கு ஒரு முறை குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கர்ப்பம் தரிப்பதைத் தவிர்க்குமாறு வைத்தியர்கள் அறிவுறுத்துகின்றனர். இரத்தச்சோகை பரவலாகக் காணப்படும் தோட்டப்புறப் பெண்களைப் பொறுத்தவரை இந்நிபந்தனைகள் சிறியவையல்ல. சத்திரசிகிச்சையின் செலவு ஒரு நாள் செலவு. அதன் பின்னர் தொடரும் கவனிப்பின் செலவோ ஆயுட்காலச் செலவு.

யாருக்கு இது உரியது என்பதிலும் மயக்கம் வேண்டியதில்லை. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டெண்ணே இங்கு அளவுகோலாகும். 1991 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட விதியின்படி அச்சுட்டெண் 40 ஐத் தாண்டியோருக்கும், வேறு நோய்கள் இருப்பின் 35 ஐத் தாண்டியோருக்கும் மாத்திரமே சத்திரசிகிச்சை பரிந்துரைக்கப்பட்டது. 2022 இல் சர்வதேச சத்திரசிகிச்சை நிபுணர் அமைப்புகள் அதனைத் திருத்தின. ஆசிய இனத்தவரில் குறைந்த எடையிலேயே நீரிழிவும் குருதியமுக்கமும் தோன்றுவதால், 27.5 ஐத் தாண்டிய ஆசியருக்கும் இச்சிகிச்சையை வழங்கலாம் என்று அவை கூறின. தகுதியுடையோரின் எண்ணிக்கை இதனால் பல மடங்கு பெருகியுள்ளது. ஆனால் தகுதி பெருகியதனால் வசதி பெருகிவிடவில்லை.

இலங்கையில் இச்சத்திரசிகிச்சை பெரும்பாலும் கொழும்பிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் உள்ள சில வைத்தியசாலைகளிலேயே செய்யப்படுகின்றது. தனியார் வைத்தியசாலைகளில் அதற்குப் பல இலட்சம் ரூபா தேவைப்படுகின்றது. கேகாலை நகரம் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளது. எனினும் தெரணியகலைக்கு மேலுள்ள ஒரு தோட்டத்தில் வாழும் தொழிலாளிக்குக் கொழும்பு மட்டுமல்ல, கரவனல்லை ஆதார வைத்தியசாலையே ஒரு நாட்பொழுதைத் தின்னும் தூரத்தில் இருக்கின்றது. கிளினிக்குக்குச் செல்லும் நாள் பேர் விழாத நாள். அன்றைய சம்பளம் இல்லை. பஸ் செலவும் மதிய உணவுச் செலவும் மேலதிகம். இதனைக் கணக்கிட்டே பலர் இரண்டு மாதம் மாத்திரை எடுத்து, உடம்பு சுகமாக இருப்பதாகத் தோன்றியதும் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுகின்றனர். அங்குதான் ஆபத்து ஆரம்பமாகின்றது.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டியுள்ளது. பிரஷர் என்பது பருத்த உடம்புக்காரருக்கும் பணக்காரருக்கும் வரும் வருத்தம், மலையில் ஏறி இறங்கி உழைக்கும் மெலிந்தவருக்கு அது வராது என்று தோட்டங்களில் பலர் கருதுகின்றனர். இது முற்றிலும் பிழையாகும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 32 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். நாடளாவிய ரீதியில் அது 17 வீதமாகும். குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைகளும் தோட்டத்துறையிலேயே அதிகம். தாயின் வயிற்றில் போதிய போசாக்குப் பெறாத குழந்தையின் சிறுநீரகங்களும் குருதிக் குழாய்களும் குறைபாட்டுடனேயே உருவாகின்றன என்பதும், அவர்கள் பிற்காலத்தில் உயர் குருதியமுக்கத்துக்கு எளிதில் ஆளாகின்றனர் என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட விடயங்களாகும். இளமையில் பட்டினி கிடந்தவர் நடுவயதில் சிறிது எடை கூடினாலும் அது அவரைக் கடுமையாகத் தாக்குகின்றது. ஆகவே மெலிந்த பால்வெட்டுத் தொழிலாளியின் உயர் குருதியமுக்கத்துக்கு இரைப்பையை வெட்டும் சத்திரசிகிச்சையில் விடை இல்லை. அவருக்குத் தேவைப்படுவது ஒரு மாத்திரையும், அது தவறாமல் கிடைப்பதற்கான வழியுமே.

உணவும் இதில் முக்கிய பங்கு வகிக்கின்றது. கோதுமை மா ரொட்டி, கருவாடு, ஊறுகாய், உப்பு மிகுந்த சம்பல், சீனி கூடிய தேநீர் ஆகியன தோட்டத்து அன்றாட உணவில் இடம்பிடித்துள்ளன. மலிவாகவும் விரைவாகவும் வயிற்றை நிரப்புவன அவை என்பதே இதற்குக் காரணம். அறியாமை மாத்திரம் காரணமன்று. மரக்கறியும் பழமும் விளையும் மலையிலேயே அவற்றை வாங்கி உண்ண முடியாத நிலையில் அவற்றைப் பறித்து அனுப்புவோர் வாழ்கின்றனர். ஒரு நாளைக்கு ஒருவர் 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே, உப்பு உட்கொள்ள வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஒரு துண்டுக் கருவாட்டுடன் அந்த அளவின் பெரும்பகுதி முடிந்துவிடக் கூடும். மதுபானப் பழக்கமும் வெற்றிலையுடன் புகையிலை மெல்லும் பழக்கமும் இதனுடன் சேரும்போது குருதிக் குழாய்கள் இரட்டிப்புச் சுமையைச் சுமக்கின்றன.

நகரங்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் நிலைமை வேறு விதமானது. அங்கு உடல் உழைப்புக் குறைந்து, எண்ணெயும் இறைச்சியும் இனிப்பும் கூடிய உணவு வழமையாகியுள்ளது. கல்யாண வீடுகளிலும் விருந்துகளிலும் உபசரிப்பின் பெருமை தட்டின் கொள்ளளவைக் கொண்டே அளக்கப்படுகின்றது. பெண்கள் நடைப்பயிற்சி செய்வதற்குப் பாதுகாப்பான இடமும் வழக்கமும் இல்லை. உடற்பருமன் சத்திரசிகிச்சையைப் பற்றி விசாரிப்போர் பெரும்பாலும் இவ்வாறான ஊர்களிலேயே உள்ளனர். அவர்களுள் உண்மையாகவே தகுதியுடையோரும் இருப்பர். அத்தகையோர் தகுந்த நிபுணரை நாடுவதில் தவறில்லை. ஆனால் சில விடயங்களை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். சத்திரசிகிச்சை பெற்றோருக்கு ஒரே தடவையில் அதிகம் உண்ணவோ அதிகம் நீரருந்தவோ முடியாது. எனவே நோன்பு காலத்தில் உடலில் நீர் குறைந்து குருதியமுக்கம் அளவுக்கு மீறி வீழ்ந்துவிடும் அபாயம் உண்டு. சிறுநீரை அதிகப்படுத்தும் குருதியமுக்க மாத்திரைகளை எடுப்போருக்கு இது மேலும் பொருந்தும். நோயாளிகளுக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருப்பது யாவரும் அறிந்ததே. நோன்பு நோற்க விரும்புவோர் ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வதே அறிவுடைமையாகும். அவ்வாறே, சில விற்றமின் மருந்துகளின் உறைகள் விலங்குத் தோலிலிருந்தோ எலும்பிலிருந்தோ பெறப்படும் பொருட்களால் ஆனவை. அதனை அறிந்து மனம் ஒப்பாதவர்கள் மருந்தை இரகசியமாக நிறுத்திவிடாமல், மாற்று மருந்தை வெளிப்படையாகக் கேட்டுப் பெற வேண்டும்.

அப்படியாயின், சத்திரசிகிச்சைக்கு வழியில்லாதவருக்கும் தேவையில்லாதவருக்கும் இந்த ஆய்வுகள் அனைத்தும் வீண்தானா? இல்லை என்பதே எமது பதிலாகும். எடை குறைந்தால் குருதியமுக்கம் குறையும் என்ற உண்மையை இச்சத்திரசிகிச்சை போல் வேறெதுவும் இவ்வளவு துலக்கமாக நிரூபித்ததில்லை. அவ்வுண்மை கத்திக்கு மாத்திரம் சொந்தமானதன்று. உணவாலும் நடையாலும் எடையைக் குறைத்தவர்களைப் பற்றிய 25 ஆய்வுகளை ஒன்றிணைத்து 2003 இல் வெளியிடப்பட்ட கணிப்பின்படி, ஒரு கிலோகிராம் எடை குறைந்தால் குருதியமுக்கம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இறங்குகின்றது. மேல் எண்ணில் 5 மில்லிமீற்றர் இறக்கம், பாரிய இருதய நோய்களும் பக்கவாதமும் ஏற்படும் அபாயத்தை ஏறத்தாழ 10 வீதத்தால் குறைக்கின்றது என்பது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விபரங்களை ஆராய்ந்து 2021 இல் வெளியான முடிவாகும். ஐந்து கிலோ எடையை அளவுடன் குறைப்பதற்குச் சத்திரசிகிச்சைக் கூடம் தேவையில்லை.

இந்த 5 மில்லிமீற்றரை எமது கிராமங்களிலேயே எட்டிக்காட்டிய முயற்சி ஒன்றும் உண்டு. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2020 இல் வெளியாயின. அரச சுகாதார ஊழியர்கள் உயர் குருதியமுக்கம் உள்ளோரின் வீடுகளுக்கே சென்று, குருதியமுக்கத்தை அளந்து, உணவு பற்றியும் மருந்து பற்றியும் ஆலோசனை வழங்கினர். தேவையானோரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டு ஆண்டுகளில் அச்சமூகங்களில் குருதியமுக்கம் ஏனைய சமூகங்களை விட ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் கூடுதலாகக் குறைந்திருந்தது. புதிய மருந்தோ புதிய இயந்திரமோ அங்கு இருக்கவில்லை. வீட்டு வாசலுக்கு ஒருவர் வந்து கேட்டார் என்பதே வித்தியாசம்.

இன்னொரு ஆய்வு முழுமையாக இலங்கையிலேயே நடந்ததாகும். 2018 இல் வெளியான அவ்வாய்வில், எமது நாட்டின் 11 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 700 நோயாளர்கள் பங்குபற்றினர். குறைந்த அளவில் மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையை எடுத்தோரில் 70 வீதமானோர் ஆறு மாதங்களில் இலக்கை அடைந்தனர். வழமையான சிகிச்சை பெற்றோரில் 55 வீதமானோரே இலக்கை எட்டினர். மூன்று நேரம் மூன்று மாத்திரைகளை நினைவில் வைத்திருப்பதை விட, காலையில் பிரட்டுக்குப் போகும் முன் ஒரு மாத்திரையை விழுங்கிவிடுவது தொழிலாளிக்கு எளிது என்பதை எடுத்துச் சொல்லவும் வேண்டுமா?

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் நடப்பதையும் நாம் கவனிக்க வேண்டும். 2021 ஓகஸ்ட் மாதத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பித்து வைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ், உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் உள்ளோருக்கு மருந்துகள் வீட்டுக்கே கொண்டு சென்று கொடுக்கப்படுகின்றன. 2024 இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அத்திட்டத்துக்குக் கிடைத்தது. மலைத்தோட்டங்களைக் கொண்ட எமது மாவட்டத்துக்கு இது நேரடியாகப் பொருந்தக் கூடிய முன்மாதிரியாகும்.

எமது நாட்டிலும் அடித்தளம் இல்லாமலில்லை. 2011 ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சு அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களை நடத்தி வருகின்றது. எடை, குருதியமுக்கம், சீனி ஆகியவற்றை அங்கு இலவசமாகப் பரிசோதிக்க முடியும். ஆனால் அவை பெரும்பாலும் வேலை நாட்களில், வேலை நேரத்தில் இயங்குகின்றன. அந்நேரத்தில் பால் வெட்டுபவர் மரத்தடியிலும் கொழுந்து பறிப்பவர் மலையிலும் நிற்கின்றனர். வேலைக்குப் போகும் ஆண்கள் அங்கு வருவது மிகவும் குறைவு என்ற குறை நீண்டகாலமாகவே உள்ளது. மக்கள் நிலையத்துக்கு வரவில்லை என்று முறையிடுவதை விட்டு, நிலையம் மக்களிடம் வருவதே முறையாகும்.

இதற்காக நாம் சில யோசனைகளை முன்வைக்கின்றோம். முதலாவதாக, கேகாலை மாவட்டத்தின் ஒவ்வொரு தோட்டத்திலும் 35 வயதைத் தாண்டிய அனைவரினதும் குருதியமுக்கம் ஆண்டுக்கு ஒரு முறையாவது அளக்கப்பட வேண்டும். அதனைப் பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் பால் நிறுக்கும் இடத்திலும் செய்யலாம். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். தோட்ட நிர்வாகங்கள் அந்த நேரத்துக்குச் சம்பளத்தை வெட்டாமல் விட்டால் அதுவே பெரிய உதவியாகும். இரண்டாவதாக, கட்டுப்பாட்டில் உள்ள நோயாளருக்கு இரண்டு அல்லது மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் வழங்கி, அதனைத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே பெற்றுக்கொள்ள வழி செய்ய வேண்டும். மூன்றாவதாக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கிளினிக் நடத்தப்பட வேண்டும். நான்காவதாக, மருந்துப் பொதியிலும் கிளினிக் கொப்பியிலும் காலை, இரவு, எத்தனை மாத்திரை என்பன தமிழிலும் எழுதப்பட வேண்டும். வாசிக்க முடியாத மொழியில் எழுதப்பட்ட மருந்து, பாதி கொடுக்கப்பட்ட மருந்தே. ஐந்தாவதாக, சத்திரசிகிச்சைக்கு உண்மையாகவே தகுதியுடைய ஏழை நோயாளர்களை மாவட்ட வைத்தியசாலைகளிலிருந்து அரச நிபுணர்களிடம் அனுப்புவதற்கு ஒழுங்கான வழிமுறை வேண்டும். பணமுள்ளவருக்கு மட்டும் திறக்கும் கதவாக அது இருந்துவிடக் கூடாது.

மருந்து விநியோகத்தின் உறுதிப்பாடும் இங்கு கவனத்திற் கொள்ளப்பட வேண்டும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை வைத்தியசாலையிலேயே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டதை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டிய தோட்டப் பகுதியிலும் மண்சரிவுகள் ஏற்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின்போதும் கேகாலை மாவட்டம் பாதிக்கப்பட்டது. வீட்டை விட்டு ஓடும்போது யாரும் மாத்திரைப் பொதியைத் தேடுவதில்லை. தஞ்சமடைந்த இடத்தில் அரிசியும் பாயும் கிடைக்கின்றன; பிரஷர் மாத்திரை கிடைக்கச் சில நாட்கள் ஆகிவிடுகின்றன. அந்தச் சில நாட்களில் ஏற்படும் பக்கவாதம் அனர்த்த மரணக் கணக்கில் சேர்வதில்லை. இடர் முகாம்களுக்கான அத்தியாவசியப் பொருட்களின் பட்டியலில் குருதியமுக்க, நீரிழிவு மருந்துகளும் இடம்பெறச் செய்வது பிரதேச செயலகங்களும் சுகாதாரப் பணிமனைகளும் இணைந்து எளிதில் செய்யக் கூடிய காரியமாகும்.

சமூகத் தலைமைகளுக்கும் இதில் கடமை உண்டு. தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வுக்காகக் குரல் கொடுப்பது போலவே, கிளினிக் நாளுக்குரிய சம்பளத்துக்காகவும் குரல் கொடுக்க வேண்டும். கோயில் திருவிழாவின் அன்னதானப் பந்தலிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் ஒரு மேசையும் குருதியமுக்கம் அளக்கும் கருவியும் வைக்கப்படுமானால், கிளினிக்கை எட்டிப் பார்க்காதவர்களும் கையை நீட்டுவர். வெள்ளிக்கிழமைக் குத்பாவில் ஐந்து நிமிடமும், கோயில் பரிபாலன சபைக் கூட்டத்தில் ஐந்து நிமிடமும் இதற்காக ஒதுக்கப்பட்டால், ஆயிரம் துண்டுப்பிரசுரங்கள் செய்யாததை அது செய்யும்.

உடற்பருமன் சத்திரசிகிச்சை மருத்துவத்தின் சாதனை என்பதில் ஐயமில்லை. கடும் உடற்பருமனாலும் பல மாத்திரைகளுக்கும் அடங்காத குருதியமுக்கத்தாலும் அவதிப்படும் ஒருவருக்கு அது புதுவாழ்வு அளிக்கக் கூடும். அவர்களுக்கு அதனை மறுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் ஒரு மாவட்டத்தின் குருதியமுக்கம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் குறைவதில்லை. அது சமையலறை உப்புச் சிரட்டையிலும், தோட்ட டிஸ்பென்சரியின் மருந்து அலுமாரியிலும், சம்பளம் வெட்டப்படாத கிளினிக் நாளிலுமே குறையும். இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று, வேண்டியது மனமே. உழைத்து உழைத்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கைகளில் ஒன்று பக்கவாதத்தால் முடங்கிய பின்னர் அனுதாபப்படுவதை விட, அக்கையில் இன்றே ஒரு முறை குருதியமுக்கப் பட்டியைச் சுற்றிப் பார்ப்பது மேலானதாகும்.